தாள் ஒட்டிய இசைத்தட்டு

லவெல் டிஸ்டேலை உலகத்துக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதற்காக அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் நகரப் பேருந்து ஓட்டிப் பிழைத்தவன். வண்டியை டெப்போவில் விட்டதும் நேரே வீட்டு நிலவறைக்கு இறங்கிவிடுவான். துணி துவைக்கும் மெஷினுக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் நடுவே ஒரு மேசை. அதன்மேல் தாளம் போடும் எந்திரம் ஒன்று, ரெக்கார்டு பிளேயர் இரண்டு. அதுதான் அவனுடைய இசைத்தட்டுக் கம்பெனி. பாதாளம் என்று பெயர் வைத்திருந்தான். ஹவுஸ் என்கிற ஆட்ட இசையைத் தவிர அங்கே வேறெதற்கும் இடமில்லை. முதலாளி, தொழிலாளி, மூட்டை தூக்குகிறவன் எல்லாம் அவனே. தட்டின் நடுவில் பாட்டின் பெயர் இருக்காது, பாடியவர் பெயர் இருக்காது. வெள்ளைத் தாளில் ஒரு பெருச்சாளி முத்திரை மட்டும் குத்தியிருக்கும்.

“நம்ம வீட்டுல ஏற்கெனவே ஓடுறது போதாதா?” என்று முத்திரையைப் பார்த்துக் கேட்டாள் அவன் மனைவி ரெனிட்டா.

“பேரைப் போட்டா அது கடைச் சரக்கு. பேரு இல்லேன்னாத்தான் ஜனங்க காதால கேப்பாங்க.”

“இப்ப என்ன மூக்காலயா கேக்கறாங்க?”

குன்றின் மேல் இட்ட விளக்கெல்லாம் அவனுக்கு மட்டம். குடத்துக்குள் இட்ட விளக்குதான் விளக்கு. அவனுடைய தட்டு ஒன்று எங்கோ பல் டாக்டர் ஒருவரின் காத்திருப்பு அறையில் ஒலித்ததாக யாரோ வந்து பாராட்டிச் சொன்னார்கள். லவெல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பாட்டின் அச்சையே உடைத்துப் போட்டான். டோக்கியோவிலும் பெர்லினிலும் பெருச்சாளித் தட்டுக்காக ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாத குறையாகத் தேடும் கூட்டம் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கோ அவன் பஸ் டிரைவர், ஓய்வு நேரத்தில் நிலவறையில் ஏதோ மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். இந்த ஏற்பாட்டில் அவனுக்குப் பரம திருப்தி.

ஆனால் இந்தக் கம்பெனி ஒரு தோல்வியில்தான் தொடங்கியது. அதைப் பற்றி அவன் பேசமாட்டான், நான்தான் சொல்லியாக வேண்டும். அப்போது எங்கள் பக்கத்தில் தலைதெறிக்கும் வேகத்தில் தாளம் போடுவது மோகமாக இருந்தது. லவெல்லும் அப்படி ஒன்று போட்டான். பாட ஆள் வேண்டும். கையோடு வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள், தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவள். ரெனிட்டா துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு மைக்கின் முன்னால் நின்று, தானாக ஒரு வரி கட்டிப் பாடினாள். “நான் இங்கேதான் இருக்கேன்” என்பது அந்த வரி. சிரித்துக்கொண்டே பாடினாள்.

கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். குருவி கத்துகிற மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். அந்தப் பேச்சைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். லவெல் வீட்டுக்கு எடுத்து வந்தான். “உன் குரல்தான் கவுத்துடுச்சு” என்றான். ஒரு தட்டைக்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் இசைத்தட்டுத் தொழிற்சாலையில் கொண்டுபோய் உருக்கக் கொடுத்தான். பழைய தட்டை உருக்கிப் புதுத் தட்டு வார்ப்பது அப்போது வழக்கம். ரெனிட்டா அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு பாடகர் குழுவிலிருந்து விலகித் தேவாலயச் சமையல் குழுவில் சேர்ந்துகொண்டாள். வீட்டில் அதற்குப் பிறகு அவள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட யாரும் கேட்டதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று லவெல் மகிழ்ந்தான்.

மறு வருஷ ஜூலையில் வழக்கம்போல ஏரிக்கரைப் பூங்காவில் எங்கள் ஹவுஸ் கூட்டம் கூடியது. குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, பன்றி விலா சுட்டுத் தின்றுகொண்டே பகல் முழுக்க ஆடுவது அது. பொழுது சாயும் வேளையில் கடைசி ஆட்டத்துக்கு இசை போடுவது எப்போதும் க்ளியோடிஸ் பெட்வே. அதே இசைத்தட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், லவெல்லுக்கு நண்பன். நண்பனாக இருந்ததால் பகையாளியும் அவன்தான்.

அன்று க்ளியோடிஸ் நடுவில் கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு தட்டைப் போட்டான். என்ன தட்டு என்று அடுத்தவன் பார்த்துவிடாதபடி தாள் ஒட்டுவது எங்கள் டீஜேக்களின் பழைய புத்தி. ஆற அமர ஒரு தாளம். அதற்குமேல் ஒரு கிழவரின் குரல், கனத்துப்போய், அவசரமே இல்லாமல், “நான்… இங்கேதான்… இருக்கேன்…” என்றது. விலாவைத் திருப்பிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு நின்றுவிட்டார்கள். லவெல்லின் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டிலிருந்து சாஸ் வழிந்து வெள்ளைப் பேண்ட் முழுக்க இறங்கியது. அவனுக்குத் தெரியவில்லை.

“யாருடா இந்த ஆளு?” என்று மேடைக்கு ஓடிப்போய்க் கேட்டான்.

“பாதாளக் கம்பெனி முதலாளி நீங்க. பேரு தெரியாமத்தான் பாட்டு கேக்கணும்னு சொன்னவரும் நீங்கதான்” என்றான் க்ளியோடிஸ், தட்டைப் பைக்குள் வைத்தபடி. “காதால கேளுங்க சார்.”

அன்றைக்குப் பிடித்தது லவெல்லுக்குப் பைத்தியம். அந்தக் கிழவரைக் கண்டுபிடிக்க வேண்டும், அவர் கண்ணை மூடுவதற்குள் அந்தக் குரலில் ஒரு தட்டாவது பெருச்சாளி முத்திரையோடு வர வேண்டும். அதன் பிறகு கம்பெனியை இழுத்து மூடினாலும் குறையில்லை.

ரெனிட்டா எத்தனை கெஞ்சியும் கோயில் வாசலை மிதிக்காதவன், இப்போது தெற்குப் பக்கத்துத் தேவாலயம் ஒன்று விடாமல் போனான். பாடகர் குழுவில் கட்டைக் குரல் ஆண்கள் நிற்கும் வரிசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டான். ஆள் பக்தியில் உருகுகிறான் என்று நினைத்து ஒரு போதகர் ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீரே நிரப்பி வைத்துவிட்டார். முடிவெட்டும் கடைகளில் கிழவர்களைப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். இருமிக்கொண்டே பஸ் ஏறியவரைக்கூட “ஒரு வரி பாடுங்கய்யா” என்று கேட்டதாகப் புகார் உண்டு.

ஒவ்வொரு ஜூலையிலும் க்ளியோடிஸ் அதே தட்டைப் போடுவான். ஒவ்வொரு ஜூலையிலும் லவெல் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அந்தக் குரலைப் பற்றிப் பேசுவான்.

“மிசிசிப்பிலேர்ந்து வந்த ஆளா இருக்கணும். பொண்டாட்டி செத்திருப்பா. அந்தக் குரல்ல ஒரு பொறுமை இருக்கு பாரு ரெனிட்டா, பொம்பளைங்களுக்கு அது வரவே வராது.”

“வராதுதான்” என்பாள் ரெனிட்டா. “இன்னும் கொஞ்சம் கீரை வச்சுக்கறியா?”

இப்படியே தலை நரைத்தது. பேருந்து ஓட்டி ஓய்வும் பெற்றாகிவிட்டது. இந்த வருஷக் கூட்டத்தில் க்ளியோடிஸ் முழங்காலைப் பிடித்தபடி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறானாம்.

“இங்க வாடா கிழட்டுப் பெருச்சாளி” என்று லவெல்லைக் கூப்பிட்டான். “கடைசி ஆட்டத்தை நீ போடு. என்னால நிக்க முடியலை.” சொல்லிவிட்டு அந்தத் தட்டை எடுத்து நீட்டினான். “இதையும் நீயே வச்சுக்கோ. என்னத்தைக் கட்டிக்கிட்டுப் போகப் போறேன்.”

லவெல் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வயசானவர்கள் கொஞ்சம் ஜோடி சேர்ந்து ஆடட்டும் என்று முதலில் ஒரு சின்னத் தட்டைப் போட்டான். அது நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்தில் சுழலும் வகை, அதற்கான பொத்தானை அமுக்கியிருந்தான். பிறகு கறுப்புத் தாள் ஒட்டிய தட்டைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்து ஊசியை இறக்கினான். பொத்தானை மெதுவான முப்பத்து மூன்றுக்கு மாற்ற மறந்துவிட்டான். பஸ் டிரைவருக்குக் கியர் மறந்த கதை.

தலைதெறிக்கும் தாளம் ஒன்று புறப்பட்டது. அதன்மேல் ஒரு பெண் கீச்சென்று சிரித்தபடி பாடினாள். பூங்கா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“யாருப்பா அந்தக் குருவி?” என்றது ஒரு குரல்.

“முப்பத்து மூணுல போடுடா மடையா!” என்று நாற்காலியிலிருந்து கத்தினான் க்ளியோடிஸ்.

லவெல் அசையவில்லை. பாட்டுக்குப் பின்னால், தாளத்தோடு சேராமல், டொக் டொக்கென்று ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய நிலவறை வாஷிங் மெஷின். ஒரு கால் குட்டையான அந்தப் பழைய மெஷின். அதைத்தான் அவன் முதலில் அடையாளம் கண்டுகொண்டான். மனைவியின் குரல் அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. நகத்தால் கறுப்புத் தாளின் ஓரத்தைக் கிளப்பினான். உள்ளே பெருச்சாளியின் வால் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தான். கூட்டம் மொத்தமும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, ரெனிட்டா மட்டும் குனிந்து உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது.

பொத்தானை அமுக்கினான். பாடிக்கொண்டிருந்த பெண் அப்படியே தளர்ந்து, குரல் கனத்து, கிழவராகிப் போனாள். கூட்டம் ஓவென்று கத்தி இரண்டு கையையும் தூக்கியது. “நான் இங்கேதான் இருக்கேன்” என்று பூங்காவே சேர்ந்து பாடியது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நடுமேடையில் நின்றான், அவனைத் தவிர எல்லோரும் ஆடினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் க்ளியோடிஸின் சட்டையைப் பிடித்தான். “ஏன்டா சொல்லலை?”

“உருக்கற குவியல்லேர்ந்து ஒண்ணை உருவினேன். எப்பவும் போல முப்பத்து மூணுல போட்டுட்டேன். மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. மறுநாள்தான் அது நாற்பத்தஞ்சுல போட வேண்டிய தட்டுன்னு தெரிஞ்சுது.” க்ளியோடிஸ் அவன் கையை விலக்கினான். “உன்னோடதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? பூங்கா முழுக்க ரசிக்குதுன்னு அச்சை உடைச்சிருப்பே. இதையும் பிடுங்கி உருக்கியிருப்பே.”

லவெல் உருக்கித்தான் இருப்பான்.

மறுநாள் மதியம் ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு நிலவறையிலிருந்து மேலே வந்தான். அந்த எந்திரம் வெளிச்சத்தைப் பார்த்தது அன்றுதான். ரெனிட்டா சமையலறையில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் பிளேயரை வைத்து, நாற்பத்தைந்து பொத்தானை இரண்டு தடவை சரிபார்த்து, தட்டைப் போட்டான். இளம் ரெனிட்டா அடுப்பங்கரை அதிரப் பாடினாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டான்.

“முதல் வருஷமே. என் குரல் எனக்குத் தெரியாதா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்கு நீ சாப்பிட உக்காந்து அந்தக் கிழவனைப் பத்திப் பேசினே. உன் முகத்தைப் பாத்தேன் லவெல். எனக்காக அந்த முகத்தை நீ ஒரு நாளும் வச்சதில்லை.” மீனைத் திருப்பினாள். “நான்தான் அதுன்னு சொன்னா அதுவும் போயிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை. எதிரே உட்கார்ந்து தினமும் கீரை பரிமாறியவளைத் தேடி அவன் ஊரெல்லாம் ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் போய்வந்திருந்தான்.

“நம்ம கம்பெனில மறுபடி போடலாமா?” என்று மெதுவாகக் கேட்டான். “பெருச்சாளி வேண்டாம். உன் பேரோட, பெரிய எழுத்துல.”

“எந்த வேகத்துல?” என்றாள் ரெனிட்டா.

லவெல் பிளேயரின் பொத்தானைப் பார்த்தான். ஊருக்குப் பிடித்தது கிழவரை. பாடியது இவள்.

அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. பூங்காவில் எப்போதும் இந்த இடத்துக்கு முன்பே க்ளியோடிஸ் ஊசியை எடுத்துவிடுவான். லவெல்லும் அந்தத் தட்டை முழுசாக ஒரு நாளும் கேட்டவனில்லை. பதிவு செய்த அன்று அவன் காது தாளத்தின் மேலேயே இருந்தது, தட்டுகள் கடையிலிருந்து திரும்பி வந்த கோபத்தில் பாதியிலேயே நிறுத்தியவன். இப்போது ஊசியை எடுக்கக் கை நீட்டியபோது கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே மைக்கிலிருந்து விலகிப்போகிற காலடி கேட்டது. பிறகு மூச்சு வாங்க ஒரு பெண் கேட்டாள்: “லவெல், நல்லா இருந்துச்சா?”

தட்டு சும்மா சுழன்றது. அடுப்பில் எண்ணெய் பொரிந்தது.

“நல்லா இருந்துச்சு” என்றான் லவெல். குரல் உள்ளேயே போய்விட்டது.

ரெனிட்டா திரும்பவில்லை. “அவளுக்கு அது கேட்டிருக்காது” என்றாள். “சத்தமாச் சொல்லு.”