மலையில்லாத நாட்டில் எட்டு நாள்

டூர் மேனேஜர் என்று கார்டில் அச்சடித்துக்கொள்ளலாம். உண்மையில் இது அடுத்தவர் பயத்தைத் தூக்கிச் சுமக்கிற வேலை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்குச் சந்தவாசல். போன வருஷம் ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் பதினோரு பேரை நெதர்லாந்துக்குக் கூட்டிப்போனேன். சின்ன நாடு, தோசைக்கல் மாதிரி தட்டை. பயப்பட அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தலைக்கு மேலே கப்பல்

இரண்டாம் நாள் மதியம், புல்வெளியில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம். பக்கத்தில் கூரை உயரத்துக்கு ஒரு புல் கரை. திடீரென்று அந்தக் கரைக்கு மேலே ஒரு கப்பலின் மேல்பாதி நகர்ந்து போனது. சத்தமே இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், நாம் அதைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கிறோம் என்று விளக்கினேன். பஸ் டிரைவர் அந்த ஊர்க்காரர். தன் வீடு இதைவிடப் பள்ளத்தில் இருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். கலசப்பாக்கத்து ரைஸ்மில்காரர் மனைவி வசந்தா டப்பாவை மூடினார்.

"கப்பலே மேல போவுதுன்னா, நாம எங்க உக்காந்துக்கினு சாப்புடுறோம்?"

திரும்பாத குரல்

குப்புசாமி ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தேனும் சாமையும் வாங்கி விற்கிறவர். மலையில் ஆள் தொலைந்தால் குரல் கொடுத்தே கண்டுபிடிப்பார் என்று பெயர். நான்காம் நாள் காலை, ஒரு கால்வாய் ஓரம் நடந்தபோது பனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. பனி கொஞ்சம் விலகியபோது அவரைக் காணோம்.

கத்தினோம். பதில் இல்லை. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஆழமான தண்ணீர். முக்கால் மணி நேரம் அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் பனி முழுதாகக் கலைந்தபோது, ஐம்பது அடி தள்ளி, ஒரு வேலிக் கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் கூப்பிட்டது கேட்டதாம். ஏன் பதில் சொல்லவில்லை என்று அதட்டினேன்.

"நம்ம ஊர்ல கூப்புட்டா மலை திருப்பிக் குடுக்கும்ங்க. இங்க என் குரல் போச்சு, வரவே இல்ல. அப்பறம் வாயத் தொறக்க பயமாப் பூட்ச்சு."

திரை போடாத ஜன்னல்

கடைசி இரண்டு நாள் ஒரு சிற்றூரில் தங்கினோம். அங்கே ஜன்னல்களுக்குத் திரை போடுவதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் நடந்தால் மேஜை, பூச்சாடி, புத்தக அலமாரி எல்லாம் தெரியும். ஆள் மட்டும் அபூர்வம். அடுத்தவர் வீட்டுக்குள் பார்ப்பது மரியாதை இல்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வாணியம்பாடியிலிருந்து வந்த ஜரீனா அம்மா மட்டும் பார்த்தார். ஒரு வீட்டில் நாற்காலியில் ஒரு வயதான பெண், தெருவைப் பார்த்தபடி. இவர் கையசைத்தார். அந்தம்மா அசையவில்லை.

மறுநாள் சாயங்காலம் அதே நாற்காலி, அதே நீல ஸ்வெட்டர், மடியில் அதே கோணத்தில் கை. ஜரீனா அம்மா நின்றுவிட்டார். கதவைத் தட்டச் சொன்னார். அந்நிய ஊர், போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று தயங்கினேன். அவரே போய் மணியை அழுத்தினார். நான் கண்ணாடிக்குக் கிட்டே போனேன். அந்தம்மாவின் உடம்பு கல் மாதிரி இருந்தது. கண் மட்டும் மெதுவாக நகர்ந்து என் மேல் வந்து நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் சாவியோடு ஓடிவந்தார். முந்தின நாளே பக்கவாதம் வந்திருக்க வேண்டும் என்றார்கள் ஆம்புலன்ஸில் வந்தவர்கள். நாங்கள் விமானம் ஏறும் முன் தகவல் வந்தது: பிழைத்துவிட்டார், பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. ஜரீனா அம்மாவிடம் சொன்னேன்.

"இம்மாம் பெரிய கண்ணாடி வச்சிருக்காங்க தம்பி, ஒருத்தரும் பாக்கலியே."

சுற்றிக்காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வந்தவர்கள் எதைப் பார்த்துத் தொலைப்பார்கள் என்பது இதுவரை எந்தப் பயணத் திட்டத்திலும் அச்சானதில்லை.