மிதிக்கு அடியில் நான்கு சுற்று

"புல்லிங் இல்லம்மா" என்று மகள் முதன்முதலில் சொன்னது ஒரு புதன்கிழமை மத்தியானம். கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்கு மேல் இன்னும் தேங்காய் நார்த் தூசி ஒட்டியிருந்தது. "அப்பா ஓட்டுறப்ப மூணாவது கியர்லயே புளியரை ஏறும். நான் ரெண்டாவதுக்கு மாத்துனாலும் மூச்சு வாங்குது. பின்னால வார லோடு வண்டிக்காரன் பூராம் என்னைய தாண்டிப் போறான்."

"போகட்டும், ஏட்டி. மெதுவாப் போனா என்ன?" என்றேன்.

"மெதுவாப் போறது வேற, போக முடியாம போறது வேறம்மா."

அந்த வித்தியாசத்தை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கலாம். நான் இயற்பியலில் பட்டம் பெற்றவள்.

வண்டி என் கணவருடையது. ராணுவத்தில் டிரைவராக இருந்தவர், ஓய்வுபெற்று வந்ததும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். அவர் மாரடைப்பில் போன பிறகு அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கோயம்புத்தூரில் வேலையில் இருந்த மகள் வேலையை விட்டுவிட்டு வந்து, "நான் ஓட்டுறேன்" என்றாள். கான்சாபுரம் தோப்புகளில் தேங்காய் ஏற்றுவாள். எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம், செங்கோட்டை, அப்புறம் புளியரை ஏற்றம், அதைத் தாண்டிக் கேரளம். வாரத்துக்கு மூன்று நடை.

நான் அவளுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தேன். செட்டியார்பட்டி தாண்டியதும் ஒரு போன். செங்கோட்டையில் ஒரு போன். ஏற்றம் ஏறி முடித்ததும் ஒன்று. இங்கே அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளைப் பார்க்கும் வேலை எனக்கு. மேசைமேல் போனை மல்லாக்க வைத்துக்கொண்டுதான் கோப்பைத் திறப்பேன். ஐந்து நிமிடம் தாமதமானால் நானே கூப்பிட்டுவிடுவேன். "ஏம்மா, நீ போனை வச்சாத்தான நான் கியர் மாத்த முடியும்" என்பாள்.

ராஜபாளையத்தில் என் கணவரின் நண்பர் ஒருவர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். மகளுக்கு அவர் மாமா. ஒரு சனிக்கிழமை வண்டியை அவரிடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். அவர் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மதினி, புதுசா பவர் குடுக்கிறதெல்லாம் பொறவு. போன பவர் எங்க போச்சுன்னு மொதல்ல தேடணும்."

தேடினார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார்; ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர்க் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. சைலன்சருக்குள் கரி அடைத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுக் கடைசியில்தான் டீசல் பம்பில் ஒரு திருகை அரைச் சுற்று ஏற்றினார். "அரைச் சுத்துதான். அதுக்கு மேல ஏத்துனா கரும்புகை தள்ளும், இன்ஜின் சூடாகும். ஏ தாயி, எறும்பு மாதிரி போயிக்கிட்டிருந்த, இனி குதிரை."

அந்தக் குதிரையில்தான் ஊர் திரும்பினோம். காலி வண்டி. மகள் மிதித்தாள். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது எனக்கு. இரண்டு பஸ்களைத் தாண்டினாள். ஸ்பீடோமீட்டர் முள்ளை நான் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்பா போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்காகவாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் முழுதும் போன் வரவேண்டிய நேரத்துக்கு முன்பே நானே அவளைக் கூப்பிட்டேன். எங்கள் அலுவலக ஜீப் டிரைவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "எங்க பாப்பா போற ஸ்கூல் வேன்ல, ஆக்சிலேட்டர் மிதிக்கு அடியில ஒரு போல்ட் இருக்குல்ல, அத ஏத்தி வச்சிட்டாகக்கா. டிரைவர் எம்புட்டு மிதிச்சாலும் மிதி பாதியிலயே நின்னுரும். நாப்பத தாண்டாது."

நான் எதுவும் கேட்காதது போலக் கோப்பைப் புரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மகள் பாடகர் குழுப் பயிற்சிக்கு நின்றுகொண்டாள். நான் வீட்டுக்கு வந்து, கோயிலுக்குக் கட்டிய சேலையோடேயே வண்டிக்குள் குனிந்தேன். ரப்பர் விரிப்பை விலக்கினால், ஜீப் டிரைவர் சொன்ன போல்ட் இருந்தது. என் கணவரின் ஸ்பேனர்கள் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். போல்ட்டை நான்கு சுற்று மேலே ஏற்றினேன். ஏன் நான்கு என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. நான்கு சிலிண்டர் என்பதாலோ என்னவோ. நட்டின் மரை தேய்ந்திருந்தது. இறுக்கிய பிறகும் ஆடியது. கைப்பையில் கோப்புகளைக் கட்டும் டேக் ஒன்று கிடந்தது, பச்சை நூலும் இரண்டு முனையிலும் தகரமுமாக. அதை நட்டுக்குக் கீழே மூன்று முறை சுற்றி முடிந்தேன். கட்டிவைத்தால் எதுவும் அவிழாது என்பது இருபத்தாறு வருட வேலையில் எனக்கு ஊறிப்போன நம்பிக்கை. விரிப்பை இழுத்து மூடிவிட்டு வந்து குழம்பைச் சூடு பண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை செங்கோட்டையிலிருந்து வந்த போனில் அவள் குரல் மாறியிருந்தது. "மறுபடியும் இழுக்க மாட்டேங்குதும்மா. முன்னயக் காட்டிலும் மோசமா இருக்கு."

"அப்படியா," என்றேன். அன்று ஏற்றம் முடிந்து வரவேண்டிய போன் நாற்பது நிமிடம் பிந்தி வந்தது. அது வந்தபோது எனக்குள் ஏற்பட்ட நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. மெதுவாகப் போயிருக்கிறாள், பத்திரமாகப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அதன்பின் மூன்று வாரம், வீட்டில் ஒரு தேடல் நடந்தது. எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தவள் நான் மட்டும். மகள் வண்டியை ஒர்க்ஷாப்பில் விடுவாள். மெக்கானிக் போனெட்டைத் திறந்து, மிதியைத் தொடாமல் பம்பில் இருக்கும் லீவரைக் கையாலேயே இழுத்துப் பார்ப்பார். இன்ஜின் சீறும். குறையே தெரியாது. ரோட்டில் லோடோடு ஓட்டிப் பார்த்தால் இழுவை இருக்காது. ஒருமுறை இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிச் சோதித்தார். ஒருமுறை டர்போவை. பம்பையே இறக்கி ஏற்றினார். மிதி முழுதும் இறங்குகிறதா என்று பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. மிதி தரையில் முட்டுகிறது என்று கால் சொல்லும்போது யார் குனிந்து பார்ப்பார்கள்?

இரவுச் சாப்பாட்டின்போது அவள் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருப்பாள். காற்று போகும் வழி, டீசல் போகும் வழி. "நீ பிஸிக்ஸ்தானம்மா, சொல்லு. காத்து சரியா இருக்கு, டீசல் சரியா இருக்கு, கம்ப்ரஷன் சரியா இருக்கு. பொறவு பவர் எங்க போவுது?"

"எனக்கு இன்ஜினெல்லாம் மறந்துபோச்சு" என்று சொல்லி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

போல்ட்டை நாளைக்கு இறக்கிவிடலாம், நாளைக்கு இறக்கிவிடலாம் என்று இருந்தேன். அவள் வீட்டில் இல்லாத நேரம் வண்டியும் வீட்டில் இல்லை. அது பாதிக் காரணம். மீதிப் பாதி, வண்டி மெதுவாகப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம் அவள் மெக்கானிக்கிடம் சண்டை போட்டுவிட்டாள். ஒர்க்ஷாப்பில் நாலு பேர் இருக்க, "ஒங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க மாமா. அப்பா இருந்திருந்தா இப்படி ஏமாத்துவீகளா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாராம். வீட்டில் வந்து இதைச் சொல்லி அழுதாள். நான் அவள் தலையைத் தடவினேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த நடை வியாழக்கிழமை. செட்டியார்பட்டி போன் வந்தது. செங்கோட்டை போனும் வந்தது: "சாரல் அடிக்குதும்மா. வாரேன்." மூன்றாவது போன் வரவில்லை. பதினொன்றரைக்கு நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினேழு முறை கூப்பிட்டேன். பதினெட்டாவது முறை ஒரு ஆண்குரல் மலையாளம் கலந்த தமிழில், "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, பேடிக்காதீங்க" என்றது. ஒன்றும் இல்லை என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என் கணவருக்கு மாரடைப்பு வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். புளியரையின் எஸ் வளைவில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. ஏற்றத்தில் முழு லோடோடு நிறுத்தி, மறுபடி எடுத்திருக்கிறாள். இன்ஜின் திணறி அணைந்துவிட்டது. இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணையும் போய்விடும். ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். வண்டி பின்னோக்கி உருண்டது. ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டியின் பின்பக்கத்தை ஓரச் சுவரில் முட்டவைத்து நிறுத்தியிருக்கிறாள். ஒடிக்காமல் விட்டிருந்தால் பின்னால் ஒரு பஸ். பின்கதவு திறந்து தேங்காய்கள் வளைவு முழுதும் உருண்டு ஓட, பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார்களாம். அவளுக்கு முகவாயில் நான்கு தையல்.

சமதரையில் அந்தப் போல்ட் பிடித்துவைப்பது வேகத்தை. ஏற்றத்தில் அது பிடித்துவைப்பது இழுவையை. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பட்டமே தேவையில்லை. சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ராஜபாளையம் ஒர்க்ஷாப்புக்கே கொண்டுவந்தார்கள். சண்டை போட்ட இடத்துக்கே போக வேண்டியிருந்தது அவளுக்கு. மெக்கானிக் தானே வந்து கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். உள்ளே சிதறிய கண்ணாடித் தூளைக் கூட்ட மகள் விரிப்பைத் தூக்கினாள்.

"நீ வராதம்மா, வண்டிய விட்டுட்டு வாரேன்" என்று போனில் சொல்லியிருந்தவள், சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் கஞ்சி வைத்திருந்தேன். அவள் உட்காரவில்லை. பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கிரீஸ் படிந்த பச்சை நூல், இரண்டு முனையிலும் தகரம்.

"இது ஒன் ஆபீஸ் டேக்தானம்மா?"

"ஆமா."

"போல்ட்ட எத்தனை சுத்து ஏத்துன?"

"நாலு."

முகவாய்த் தையல் இழுத்ததால் வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது அவளால். அதனால் மெதுவாகப் பேசினாள். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஒனக்குப் பயமா இருந்தா, பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். நான் ஒன் முன்னாலதான மூணு வாரமா தேடிக்கிட்டிருந்தேன். நோட்டக் காட்டி ஒன்னயத்தான கேட்டேன்." டேக்கை என் பக்கம் தள்ளினாள். "மாமாவ நாலு பேரு முன்னால ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டேன்மா."

மறுநாள் ஆராதனைக்குப் போகவில்லை நான். ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். ஞாயிறு என்பதால் ஒர்க்ஷாப்பில் அவரும் இன்னொருவரும் மட்டும் இருந்தார்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்ல அவர் விடவில்லை. "வாங்க மதினி. பெரிய இன்ஜினியரு வாராக, ஸ்டூல் எடுத்துப் போடு" என்றார். "பம்ப இறக்குனேன், டர்போவக் கழத்துனேன், தூக்கமில்லாம யோசிச்சேன். நீங்க ஒரு முழம் நூல்ல வண்டிய நிறுத்திப்புட்டீக." பிறகு மற்றவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. தெரியாமல் இருந்தது நல்லது.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

சிரிப்பை நிறுத்தினார். "எங்கிட்ட எதுக்கு? ஒங்க வீட்டுக்காரக இருந்தப்ப இந்த மிதியில பாதத்த வச்சாகன்னா ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு பிள்ளைக்கும் இருக்கு. நீங்க பாக்கல, அம்புட்டுதான். செத்த நேரம் இருங்க, டீ வரும்."

நான் இருக்கவில்லை.

வண்டியைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் மகள் ஒர்க்ஷாப்பிலேயே வேலை பார்த்தாள். பிறகு அதன் பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். "லோடுக்குப் போக இதுதான் வசதி" என்றாள். கான்சாபுரத்திலிருந்து வரும் வழியில் எங்கள் வீடு. அறை அதற்கு அப்பால் ராஜபாளையத்தில். எதற்கு வசதி என்று நான் கேட்கவில்லை. அவள் துணிகளை மடித்துக் கொடுத்தேன். அவள் அப்பாவின் ஸ்பேனர்களையும் எடுத்துக்கொண்டாள்.

இப்போது சட்டம் எதுவும் இல்லை. அவள் நாட்களை மாற்றிக்கொண்டு மீண்டும் நடை தொடங்கிவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி காலையில் ஒன்பது மணி வாக்கில், அலுவலகத்துக்குப் போக நான் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வண்டி கடந்து போகும். சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும். ஹார்ன் ஒருமுறை அடிப்பாள். நான் கையைத் தூக்குவதற்குள் போய்விடும். மேசைமேல் போனை இன்னும் மல்லாக்கத்தான் வைக்கிறேன். நானும் கூப்பிடுவதில்லை, அவளும் கூப்பிடுவதில்லை. பத்தரை, செங்கோட்டை. பதினொன்றேகால், வளைவு. அந்த நேரங்களில் என் கால் மேசைக்கு அடியில் தானாகத் தரையை அழுத்துகிறது. எதிர் இருக்கைக்காரர் ஒருநாள், "என்னக்கா, கால் வலியா?" என்று கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மெக்கானிக் போன் பண்ணினார். முதல் மணியிலேயே எடுத்தேன். அவர் குரல் சந்தோஷமாக இருந்தது.

"மதினி, பிள்ளை இன்னிக்கி புளியரைய மூணாவது கியர்லயே ஏத்திட்டா. முழு லோடு. மேல போயி நின்னதும் எனக்குப் போன் போட்டுக் கத்துறா. ஒங்ககிட்டயும் சொல்லியிருப்பாளே?"

"சொன்னாண்ணே," என்றேன். "இப்பத்தான் சொன்னா."