ஒரே பகலில் மூன்று நாள்

சென்னையை ஒரே பகலில் மூன்று நாள் சுற்றிப் பார்த்தவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் சித்தி, சித்தப்பா, நான். எனக்கு அப்போது எட்டு வயது. கோவில்பட்டியில் ராத்திரி ரயில் ஏறும்வரை நான் பார்த்திருந்த பெரிய ஊர் திருநெல்வேலிதான். பிற்பாடு படிப்பு, வேலை என்று அந்த நகரத்தில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு பகலில் பார்த்த அளவுக்கு அப்புறம் ஒருநாளும் பார்த்ததில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற வீட்டில் பிறந்தவள். அம்மாவும் அங்கேதான் பிறந்தாள் என்றாலும் அந்த வீட்டு வேகம் முழுவதும் தங்கைக்கே போய்விட்டது. ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். அவளைப் புதூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு அங்கே உரக்கடை. சாதுவான மனுஷன். பாதி வியாபாரத்தைத் தலையை ஆட்டியே முடித்துவிடுவார்.

அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவருடைய அக்கா இருந்தாள். சித்திக்கு மதினி, எனக்கு அத்தை முறை. தாய் தகப்பன் போன பிறகு, உளுந்தும் மிளகாயும் விதைத்துத் தம்பியை ஆளாக்கியவள். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்று, தம்பிக்கு இன்னொரு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தாள். ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. சித்தி சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண் நல்ல நிறம், ஆவணியில் முடித்துவிடலாம் என்பாள். சித்தப்பா சரி என்றும் சொல்ல மாட்டார், மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதபோது நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

அழுது முடித்த கையோடு சித்தி முடிவெடுத்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு பேரும் காட்டிவிடுவது. ஆஸ்பத்திரி என்று ஊரில் சொன்னால் மலடி என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஆகவே ஊர் பார்க்கப் போவதாகச் சொல்வது. ஆறு வருஷம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் ஊர் பார்க்கக் கிளம்பினால் யார் நம்புவார்கள்? அதற்குத்தான் நான். 'பிள்ளைக்கு லீவு, பிளேன் பாக்கணும்னு ஒரே அழுகை' என்று என் பெயரில் ஓர் அழுகை உண்டாக்கப்பட்டது. பிளேனுக்காக நான் ஒரு சொட்டுக்கூட அழுததில்லை.

முதல் இரண்டு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் போயின. சித்தியை உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் பிஸ்கட் தின்றேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். வெளியே வந்த சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தி கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் நின்றாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"எந்திரிங்க. ராத்திரிதான ரயிலு. ஊரச் சுத்திப் பாப்போம்."

"இப்பமா?" என்றார் சித்தப்பா.

"இப்பந்தான். மதினி போட்டோ கேப்பாவ."

என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஆசுபத்திரிக்கு வந்தத ஊர்ல மூச்சு விடப்படாது. கேட்டா, பட்டணம் பாத்தோம்னு சொல்லணும்."

"நாமதான் ஒண்ணுமே பாக்கலையே சித்தி."

"பாத்துருவோம்" என்றாள்.

மூன்று நாள் சுற்றியதற்கு மூன்று நாள் உடுப்பு வேண்டாமா? சித்தி எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள். லாட்ஜுக்குத் திரும்பிச் சேலைகளையும் சித்தப்பாவின் சட்டைகளையும் ஒரு பையில் திணித்தாள். என்னுடைய மூன்று கவுனையும் ஒன்றின்மேல் ஒன்றாக எனக்கே மாட்டிவிட்டாள். இடத்துக்கு ஒன்றாக உரித்துக்கொள்ளலாமாம். சென்னை வெயிலில் வெங்காயம்போல நான் நடந்தேன். அப்பாவுக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் இரவல் வாங்கிய கேமரா சித்தப்பா கழுத்தில் தொங்கியது.

முதலில் எழும்பூர் மியூசியம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். அங்கே திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் சித்தப்பாவும் ஒரு காட்சிப்பொருள் மாதிரியே நின்றார். யாரோ ஒரு புண்ணியவான் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தார்.

"கொஞ்சம் சிரிங்க" என்றாள் சித்தி.

"சிரிச்சிட்டுத்தான நிக்கேன்."

"அப்ப இன்னுங் கொஞ்சம் சிரிங்க."

அடுத்து வள்ளுவர் கோட்டம். அங்கே கக்கூஸுக்குள் ஊதாச் சேலையோடு போன சித்தி பச்சைச் சேலையோடு வெளியே வந்தாள். வளையல் மாறியிருந்தது, பொட்டு மாறியிருந்தது. வாசலில் இருந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சித்தி அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. கல்தேரை நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் படம் எடுத்து முடித்து, என்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். எனக்குக் கால் வலித்தது, பசித்தது, கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு அழகு காட்டுகிற ஆசை சித்திக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மீனம்பாக்கத்தில் ரோட்டோரமாக நின்று பிளேன் பார்த்தோம். என் பெயரில் அழப்பட்ட பிளேன் ஆயிற்றே, அதில்லாமல் எப்படி? சித்தப்பா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போதும். ஊருக்குப் போயி அக்காட்ட உள்ளதச் சொல்லிருவோம்" என்றார்.

"நீங்க வாயத் தொறக்கப்படாது. நான் பாத்துக்கிடுதேன்."

"ஒன்னயத்தான சொல்லுவாவ?"

"ஆறு வருசமா சொல்லுதாவ. இன்னுங் கொஞ்ச நாளு சொல்லிட்டுப் போட்டும். எந்திரிங்க, கடக்கரைக்கு இன்னும் போகல."

அப்போது தலைக்கு மேலே ஒரு பிளேன் தாழப் பறந்து வந்தது. நான் அதைப் பார்த்தேன்.

கடற்கரைக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. சித்தி அரக்குச் சேலை, நான் கடைசிக் கவுன். அவள் சித்தப்பாவின் கையைப் பிடித்து அலைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் கைகோத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னிடம் கொடுத்துவிட்டுப் போன கேமராவை நின்ற இடத்திலேயே நான் அமுக்கினேன். அந்தப் படத்தில் பாதி வானம்தான் விழுந்திருந்தது.

படங்களைக் கழுவி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அந்தக் கிராமத்துக்கு எடுத்துப் போனோம். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து திமிங்கலம், கல்தேர், பிளேன் என்று ஒப்பித்தேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. அத்தைக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. படங்களை அடுக்கி வைக்கப் போனவள், மறுபடி எடுத்து மூன்றைத் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டுச் சித்தி பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, மூணு நாளும் ஒரே பூவையா வச்சிருந்த?"

எங்கள் பக்கத்தில் பழைய சோற்றைச் சாப்பிடுவார்கள், பழைய பூவை வைக்க மாட்டார்கள். கடைசி நாள் காலையில் லாட்ஜ் வாசலில் வாங்கி வைத்த மல்லிகையும் கனகாம்பரமும் முதல் படத்தில் சித்தியின் தோளில் நிமிர்ந்து கிடந்தன, இரண்டாவதில் தலை சாய்ந்திருந்தன, மூன்றாவதில் பழுத்துத் துவண்டுபோயிருந்தன. சேலை, வளையல், பொட்டு என்று அத்தனையும் மாற்றியவள் பூவை மறந்திருக்கிறாள்.

"எல்லாம் ஒரே நாள்ல எடுத்ததா? அப்பம் மத்த நாளெல்லாம் எங்கட்டி போனிய?"

சித்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆசுபத்திரிக்கு மதினி. எனக்குத்தான் கொறையாம்."

"இல்லக்கா." சித்தப்பா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். "அவளுக்கு ஒண்ணுமில்ல. கொறை எனக்கு. இனிமே பொண்ணு கிண்ணுன்னு யாரும் இந்த வீட்ல பேசப்படாது."

அக்காவுக்கு முன்னால் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை, அத்தையும் கேட்டிருக்க மாட்டாள். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து தொழுவத்துப் பக்கம் போய்விட்டாள். சித்தி அடுப்படிக்குள் போய்ச் சேலையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரயிலிலும் ஆஸ்பத்திரியிலும் அழாதவள் அப்போது அப்படி அழுதாள். சித்தப்பா ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வெயிலில் அவ்வளவு பாடுபட்டதை எல்லாம் ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டாரே மனுஷன். சித்திதான் சமாளிக்க ஆரம்பித்திருந்தாளே, இவரை யார் நடுவில் கூப்பிட்டது? சாயங்காலம் கிளம்பும்போது அவர் கொடுத்த மிட்டாயை நான் வாங்கவில்லை.

சித்தி பஸ் நிற்கிற இடம்வரை எங்களோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் முகம் என்னவோ தெளிவாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"இனிமே அத்தை ஒங்கள வீட்ட விட்டு அனுப்பிருவாவளா சித்தி?"

"அனுப்பட்டுமே" என்றாள் சித்தி. "ஒங்க சித்தப்பாவும் கூட வருவாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு ஆளை அனுப்பினால் அந்த ஒரு ஆள்தானே போக வேண்டும், சொந்த வீட்டை விட்டு அவர் எதற்காகப் போக வேண்டும் என்று கோவில்பட்டி வரும்வரை யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.