ஆட்சேர்ப்பு நின்றுபோன உடம்பு

“...ஊசி குத்தின கையக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கிட்டு வாறீங்களே, பாக்குறவங்க கை முறிஞ்சிருச்சுன்னு நெனைக்கப் போறாங்க!” என்றாள் என் மனைவி. நான் கேட்டைத் திறந்து உள்ளே வருவதற்குள் இத்தனையும் சொல்லி முடித்துவிட்டாள். வலது கை மரத்துப்போயிருந்தது உண்மை. நான் கொஞ்சம் கூடுதலாக முகத்தைச் சுளித்ததும் உண்மை.

அதைச் சொல்லிவிட்டு அவள் அடுத்து என்ன செய்தாள் என்பதுதான் விஷயம். ஆனால் அந்த ஊசிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாவிட்டால் அதன் அருமை விளங்காது.

போன வருடம் உறவுக்காரர்களோடு ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம். ஒரே வேன், ஒரே பனி, ஒரே தூறல். திரும்பி வந்து நான் இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தேன். அவள் இரண்டு தும்மல் தும்மினாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், அத்தோடு சரி. இது அந்த ஒரு தடவை மட்டுமல்ல. எந்தக் காய்ச்சல் மாத்தளைக்கு வந்தாலும் முதலில் என்னைத்தான் விசாரிக்கும். “உங்களுக்குச் சளி பிடிச்சா இரத்தோட்டை பஸ்ஸுக்கே தெரியும்” என்பாள். பென்ஷன் எடுத்த பிறகு இது இன்னும் மோசமாயிற்று. வீட்டில் மூடி இறுகிய போத்தல் எதுவாக இருந்தாலும் அவள்தான் திறப்பாள். “நோயாளிக்கு எதுக்கு கஷ்டம்” என்று என் கையிலிருந்து வாங்கி, ஒரே திருகு.

அவளுக்கும் ஒரு குறை இருந்தது. காலையில் விரல்கள் வீங்கிப் பிடித்துக்கொள்ளும். கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் வரை காத்திருப்பதுபோல் நின்றுகொண்டு, சுடுதண்ணீர்ச் சட்டியில் கைகளை அமிழ்த்தி வைத்திருப்பாள். கேட்டால், “மழை இருட்டு, வேற ஒண்ணுமில்ல” என்பாள். வெயில் கொளுத்துகிற மாதங்களிலும் அதே மழை இருட்டுதான்.

கடைசியில் ஒருநாள் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளினிக்குக்குப் போனோம். நான் என் இருமலுக்கு. அவள் எனக்குத் துணைக்கு, அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். டொக்டர் ஒரு சின்னப் பெண். சிங்களமும் தமிழும் கலந்து பேசினாலும் தெளிவாகப் பேசினார். என் இருமலைக் கேட்பதற்கு முன்னாலேயே என் மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். அடுத்த தடவை போனபோது இரண்டு பேருக்கும் சேர்த்து விளக்கம் கிடைத்தது.

எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் பஸ்ஸிலும் வேலை பார்த்த கந்தோரிலும் மற்றவர் வாயைப் பார்த்துப் படித்தது. அதனால் அந்த விளக்கத்தை எனக்கு விளங்கிய பாஷையில் சொல்கிறேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் காவல் செல்கள் அங்கே வந்துதான் பயிற்சி எடுக்கின்றன. எது எதிரி, எது நம் சொந்த உடம்பு என்று அங்கே பழகவேண்டும். தேறாதவர்களை அங்கேயே முடித்துவிடுவார்கள். இந்தப் பயிற்சிப் பள்ளிக்கூடம் குழந்தைப் பருவத்தில் அமோகமாக நடக்கும். வயதுக்கு வந்ததும் சுருங்க ஆரம்பிக்கும். காலியான வகுப்பறைகளில் கொழுப்பு குடியேறும். ஆண் ஹார்மோன் இந்தச் சுருக்கத்துக்குத் துணைபோகிறதாம். காயடித்த மிருகங்களில் சுருங்கிய சுரப்பி திரும்ப வளர்வதைக்கூடப் பார்த்திருக்கிறார்களாம்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கந்தோரில் இருந்தவனுக்கு இது உடனே பிடிபட்டது. ஆட்சேர்ப்பை நிறுத்திவிட்டு, இருக்கிற கிழட்டு ஊழியர்களை வைத்தே வேலையை ஓட்டுவது. புதுக் கோப்பு வந்தால் ஒருவனுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. என் உடம்பு அப்படியொரு கந்தோர்.

மனைவியின் கதை வேறு. பெண் ஹார்மோன் காவலை உஷாராக வைத்திருக்குமாம். அந்த உஷார் சில பேருக்கு மிஞ்சிப்போய், சொந்த மூட்டுகளையே எதிரி என்று அடிக்குமாம். பெண்களுக்குத்தான் இது அதிகம். எனக்கு வருடாவருடம் காய்ச்சல் தடுப்பூசி போடச் சொன்னார். அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை கொடுத்தார். அது காவலைக் கொஞ்சம் அடக்கும், இடைக்கிடை இரத்தம் பார்க்கவேண்டும், ஆனால் தள்ளிப்போட்டால் விரல்கள் வளைந்துவிடும், வளைந்தால் பிறகு நிமிராது என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் மனைவி சத்தமாகவே கேட்டாள்: “பல்லேபொலயில ஒரு மாட்டு டொக்டர் இருக்காராமே, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோமா? சுரப்பி திரும்ப வளருமாம்ல?” முன் சீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய மரக்கறிப் பை மடியிலிருந்து உருண்டது.

வீட்டுக்கு வந்து அவள் மாத்திரைகளை ஒரு பழைய சாதிக்காய் ஜாம் போத்தலில் போட்டு, மூடியை இறுக்கி, சாமித் தட்டுக்குப் பின்னால் வைத்தாள். அத்தோடு மறந்தாள். நானும் ஊசியை மறந்தேன். ஊசி என்றால் எனக்குக் கால் தளரும். ஆனால் தைமஸை மறக்கமுடியவில்லை. ஈரலுக்கு ஈரல் சாப்பிடுகிறார்கள், எலும்புக்கு எலும்புச் சூப் குடிக்கிறார்கள். தைமஸுக்குத் தைமஸ் சாப்பிட்டால் என்ன?

சனிக்கிழமை காலை இறைச்சிக் கடைக்குப் போனேன். கடைக்காரரை நானா என்றுதான் கூப்பிடுவேன், பல வருடப் பழக்கம்.

“நானா, ஆட்டுக்குக் கழுத்துக்குக் கீழ நெஞ்சுப் பக்கமா ஒரு சுரப்பி இருக்குமே, அது வேணும்.”

“எனத்துக்கு சேர் அது? நாங்க பூனைக்குப் போடுறது.”

“மருந்துக்கு.”

மூன்று ஆடுகள் தொங்கின. இரண்டு இளசு. மூன்றாவது ஒரு மாபெரும் கிடா. கொம்போடு தலை கீழே கிடந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அதன் வாடை மட்டும் சந்தி வரை போயிருக்கும். ஆம்பளை என்றால் இதுவல்லவா என்று நினைத்து, அதைக் காட்டினேன்.

“அது கெழட்டுக் கெடா சேர். வேகுறதுக்குள்ள கேஸ் சிலிண்டர் முடிஞ்சிரும்.”

“பரவால்ல, அதுலயே தாங்க.”

நானா கழுத்துப் பக்கம் துழாவி ஒரு மஞ்சள் உருண்டையை வெட்டிக் கொடுத்தார். “இதுக்குக் காசு வாங்கினா எனக்குப் பாவம், சேர். சும்மா கொண்டு போங்க” என்றார்.

மனைவி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“எந்த ஆட்டுல எடுத்தீங்க?”

“பெரிய கெடா. கடையிலயே பெரிசு.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “டொக்டர் பேசுறப்ப நீங்க எங்க இருந்தீங்க? வயசாகின ஆம்பளைக்கு அங்க கொழுப்புத்தான் இருக்கும்னு சொன்னாவே! குட்டியில கேட்டிருந்தாலும் பரவால்ல. உங்கள மாதிரியே ஒண்ணத் தேடிப் புடிச்சு, அதோட கொழுப்பக் கொண்டு வந்திருக்கீங்க!”

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய. “சரி, பூனைக்காவது நறுக்குவோம்” என்று அவள் கத்தியை எடுத்தாள். கத்தி கையில் நிற்கவில்லை. விரல்கள் மடங்கவில்லை, பிடி நழுவிச் சிமெந்துத் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். திரும்ப விழுந்தது. அதற்கு மேல் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

“அந்த மாத்திரையப் போடு” என்றேன்.

“மாட்டேன்.”

“ஏன்?”

“அது காவல அடக்குமாம்ல? இந்த வீட்டுல வேல செய்யிறது என்னோட ஆளுங்க மட்டுந்தான். அவங்களும் படுத்துட்டா, நீங்க படுக்குறப்போ யாரு எழும்பிக் கஞ்சி வைக்கிறது?”

இத்தனை நாளும் அவள் மாத்திரையைத் தொடாததற்கு மறதிதான் காரணம் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கஞ்சி வைப்பதற்காக ஒருத்தி தன் விரல்களை வளையவிடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“நான் ஊசி போட்டுக்கிட்டா?” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போன தடவை இரத்தம் எடுக்கிற நர்ஸ் மிஸ் பஞ்சைத் தொட்டதுமே நான் நாற்காலியிலிருந்து சரிந்தவன். “நீங்க மொதல்ல போட்டுட்டு வாங்க. வந்தா அன்னைக்கே நானும் போடுறேன்” என்றாள். நடக்காது என்ற நம்பிக்கையில்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை போனேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மிஸ், “முடிஞ்சிது அங்கிள்” என்ற பிறகும் திறக்கவில்லை. கையை ஏந்திக்கொண்டு பஸ் ஏறி, இறங்கி, கேட்டுக்கு வந்தேன். அப்போதுதான் அவள் அந்தக் கைக்குழந்தைப் பேச்சைப் பேசினாள்.

பேசி முடித்துவிட்டு, என் சட்டைக் கையை விலக்கி ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். பொய்யில்லை என்று தெரிந்துகொண்டாள். உள்ளே போய், சாமித் தட்டுக்குப் பின்னால் துழாவி, அந்த ஜாம் போத்தலை எடுத்து வந்தாள். மூடியை ஒரு தடவை திருகிப் பார்த்தாள், அசையவில்லை. பிறகு போத்தலை என்னிடம் நீட்டினாள்.