தோலுக்குப் போடும் சாயம்

என் அம்மா ஜெயபுஷ்பத்துக்குப் பேய்ப்படம் பார்த்தால் பயம் வராது, சிரிப்புதான் வரும். "கதவ யாரோ தட்டறான். இவ ஒண்டியா, கையில டார்ச்ச வெச்சிக்கினு, 'யாரது'ன்னு கேட்டுக்கினே போறா. பின்பக்கமா ஓட வேணாம்? அறிவு கெட்டவ" என்பாள்.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைன். ஒருமுறை மெஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. அம்மா கத்தவில்லை. காலைப் பெடலிலிருந்து எடுத்தாள், சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றினாள், ஊசியை மேலே ஏற்றி விரலை உருவிக்கொண்டாள். அவளுக்கும் சேர்த்து அலறியது பக்கத்து மெஷின் முனவ்வர் பேகம்தான். "இவளுக்கு வலியே தெரியாது, கல்லு" என்று லைன் முழுக்கப் பேர் ஆகிவிட்டது. வலி தெரியாமல் இல்லை. சத்தம் போடாமல் இருப்பதில் அம்மாவுக்கு வீட்டில் நல்ல பயிற்சி.

பயிற்சி கொடுத்தவர் என் அப்பா கிறிஸ்துராஜ். அவருக்கு மரியாதை கொடுத்தே எழுதுகிறேன், பழக்கதோஷம். தோல் ஃபேக்டரியில் தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் தோலை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, சாட்டையடித் தழும்பு எல்லாம் சொல்லிவிடுவார். கறை இருந்தால் விலை போச்சு என்பார். அதனால்தானோ என்னவோ, வெளியே தெரிகிற இடத்தில் அம்மாவை அவர் அடித்ததே இல்லை. முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழே எல்லாம் சுத்தம். முதுகு மட்டும்தான். பெல்ட்டால். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று வேதபாடம் வாசிக்கிற குரல் அவ்வளவு நன்றாக இருக்கும்.

எனக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆறு வயதிலிருந்து எங்கள் வீட்டு ஒலி அமைப்பாளர் நான்தான். அப்பா பெல்ட்டைக் கழற்றும்போது அம்மா என்னைப் பார்த்து, "ஃபீபி, டிவி சவுண்டு ஏத்து" என்பாள். நான் ஏற்றுவேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டதெல்லாம் சீரியல் அழுகைதான்.

இந்த லட்சணத்தில் நான் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் சேர்ந்தேன். மூன்றாம் வருஷம் ஐந்து நிமிஷக் குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். நானும் பூவரசனும் ஒரு குழு. நான் இயக்கம், அவன் கேமரா. பேய்ப்படம் என்று முடிவு செய்தோம், ஏனென்றால் அதில்தான் நடிகர்கள் கம்மி.

எங்கள் சார் பேய்ப்பட இலக்கணத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். கரண்ட் போகும். குழாய் சொட்டும். முதலில் பூனை குதிக்கும், பார்ப்பவன் பெருமூச்சு விடுவான், அப்புறம்தான் நிஜமானது வரும். பீரோவின் கண்ணாடிக் கதவை மூடினால் பின்னால் ஒரு உருவம். "இதெல்லாம் எவன் வேணா பண்ணுவான். ஒண்ணே ஒண்ண ஞாபகம் வெச்சிக்கோங்க. பாக்கறவனுக்கு முதல்ல காட்டு, மாட்டப்போறவனுக்குக் கடைசியா காட்டு. நடுவுல இருக்கற நேரம்தான் பயம்" என்றார். இன்னொன்றும் சொன்னார், அது கேமராக்காரர்களுக்கு: இயக்குநர் கட் சொல்லும்வரை கேமராவை நிறுத்தக் கூடாது, வீடே இடிந்தாலும்.

கதை சின்னது. தனியாக இருக்கும் ஒரு பெண். கரண்ட் போகிறது. பின்னாலிருந்து ஒரு கை அவள் கழுத்தைப் பிடிக்கிறது. விளக்கு வந்ததும் யாரும் இல்லை, கழுத்தில் ரத்தக் கைத்தடம் மட்டும். அந்தப் பெண்ணாக நடிக்கக் கல்லூரியில் ஒருத்தியும் வரவில்லை. அம்மாவைக் கெஞ்சினேன். "எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள். பயந்தால் போதும் என்றேன். எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ரத்தம்தான் பேஜார் பண்ணியது. குங்குமத்தைச் சர்க்கரைப் பாகில் கரைத்தோம், எறும்பு வந்தது. தக்காளி சாஸ் கேமராவில் தக்காளி சாஸாகவே தெரிந்தது. பூவரசனின் அண்ணன் தோல் ஃபேக்டரியில் சாயப் பிரிவில் இருக்கிறான். அங்கிருந்து சிவப்புச் சாயம் ஒரு தண்ணீர் பாட்டிலில் வந்தது. கூடவே ஒரு ஜோடி பெரிய ரப்பர் கையுறை. "வெறுங்கையில தொட்டா போவாதாம், அண்ணன் சொல்லி அனுப்பினான்" என்றான் பூவரசன். நான் ஒழுங்காகக் கையுறையை மாட்டிக்கொண்டேன். என் கையும் தோல்தான் என்று தெரிந்த எனக்கு, அம்மாவின் கழுத்தும் தோல்தான் என்று தோன்றவே இல்லை. அவனுக்கும் தோன்றவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்கத் தோலில் பிழைக்கிற ஊரில் பிறந்த இரண்டு முட்டாள்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அப்பா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி வீட்டை இருட்டாக்கிப் படம் பிடித்தோம். அம்மா நைட்டியில் ஸ்டூலில் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கைத்தடம் பிடரியிலிருந்து கன்னம்வரை வரவேண்டும். பூவரசன் கேமராவை ஓடவிட்டுவிட்டு, நழுவிய கம்பளியைப் பிடிக்க ஜன்னலுக்குப் போய்த் திரும்பி நின்றான். நான் நைட்டியின் பின்கழுத்தைக் கீழே இறக்கினேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். பதினைந்து வருஷமாகச் சத்தம் மட்டும் கேட்ட எனக்கு, அது எழுதியிருந்த இடத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்தது. பட்டைப் பட்டையாக. பழையது கறுப்பாக, புதியது ஊதாவாக, நடுவில் பெல்ட் பக்கிள் பதிந்த சதுரம் ஒன்று இன்னும் காயாமல். அம்மா, "சீக்கிரம் பூசு, அப்பா வந்துடுவாரு" என்றாள். நான் பூசினேன்.

நடிப்பு இன்னும் மோசம். கை கழுத்தைப் பிடித்ததும் அவள் அலற வேண்டும். அம்மா தோளைக் குறுக்கி, மோவாயை நெஞ்சில் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று டேக்கிலும் அதேதான். "அம்மா, கத்தும்மா! பயந்தா கத்துவாங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

"கத்தினா பக்கத்து வூட்ல கேக்கும்டி" என்றாள்.

படம் முடிந்து சோப்புப் போட்டோம். தேங்காய் எண்ணெய், எலுமிச்சை, மண்ணெண்ணெய். தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றியதுதான் மிச்சம். சிவப்பு மங்கி ரத்தம் கட்டிய நிறத்துக்கு வந்தது. பெரிய ஆண் கை ஒன்று, ஐந்து விரலும் தெளிவாக, பிடரியிலிருந்து கன்னம்வரை.

சாயங்காலம் அப்பா வந்தார். அம்மாவின் மோவாயைப் பிடித்து டியூப்லைட் பக்கம் திருப்பினார். ஃபேக்டரியில் தோலைப் பார்ப்பதுபோலவே, உள்ளங்கையால் ஒரு தடவு.

"இது எவன் கை?"

"படத்துக்குப் போட்ட சாயம்ப்பா. நான்தான் போட்டேன்" என்றேன்.

"உன்ன கேக்கல."

பெல்ட் வந்தது. தான் வைக்காத ஒரு கறைக்காகத் தரம் பிரிப்பவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதுபோல நான் பார்த்ததில்லை. முதல் அடியில் அம்மா சுவரில் மோதினாள். இரண்டாவதில் முட்டி போட்டாள். காயாத சதுரம் திறந்து நைட்டி நனைந்தது. ஓரமாகப் போய் விழுந்த அம்மாவை முடியைப் பிடித்து நடுவீட்டுக்கு இழுத்து வந்து அடித்தார். நான் குறுக்கே விழுந்தேன், என்னைக் காலால் தள்ளினார்; கட்டில் கால் இடித்து என் உதடு கிழிந்தது. அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பழைய உத்தரவு கண்ணிலேயே இருந்தது. வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன்: ரத்தத்தை விழுங்கிக்கொண்டு தவழ்ந்துபோய் டிவி சத்தத்தை ஏற்றினேன்.

அடுத்த நாள் கல்லூரியில் படத்தைத் தொகுக்க உட்கார்ந்தேன். கட் சொல்லாததால் ஓடிக்கொண்டே இருந்த கேமராவில் அந்த முதுகு பதினொரு விநாடி இருந்தது. அதை வெட்டி எடுத்தேன். அதுவும் ஒருவகையில் டிவி சத்தத்தை ஏற்றுவதுதான். முதுகை வெட்டிவிட்டேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

கழுத்தை நான் வெட்ட முடியாது. துப்பட்டா சுற்றித்தான் அம்மா வேலைக்குப் போனாள். மெஷின் சக்கரத்தில் துணி மாட்டும் என்று சூப்பர்வைசர் கழற்றச் சொல்லிவிட்டார். முனவ்வர் பேகம் மெஷினை நிறுத்தினார்.

"யா அல்லா! புஷ்பம், உன் புருஷனா?"

"இல்ல ஆபா, சினிமா சாயம்."

"பதினெட்டு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன். நாற்காலில சாயாம தெக்கிறவ நீ ஒருத்திதான். ஏன்னு இன்னைக்குத்தான் புரியுது. சாயமாம்!"

அம்மா சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் நான்கு பேர் நின்றார்கள். எங்கள் போதகர், சபைக் கமிட்டியார் இருவர், அவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்த முனவ்வர் பேகம். நான் காபி போடவில்லை.

போதகர் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "கிறிஸ்துராஜ், இது இன்னாப்பா?"

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான உண்மையைப் பேசியதே இல்லை. "ஐயா, பைபிள் மேல கைய வெச்சி சொல்றேன். இது நான் பண்ணல. இவ காலேஜ் படத்துக்குப் பூசினது. வீடியோ இருக்கு. ஃபீபி, போட்டுக் காட்டு! காட்டுடி!"

லேப்டாப்பைத் திறந்தேன். தொகுத்த படம் ஒரு கோப்பு, வெட்டாதது இன்னொன்று. எதைப் போட்டாலும் கழுத்து விஷயத்தில் அப்பா தப்பித்துவிடுவார். என் விரல் தொகுத்ததன் மேல்தான் போனது. எத்தனை வருஷப் பழக்கம்.

"ஃபீபி" என்றாள் அம்மா. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "வெட்டாம போடு. முழுசா."

திரும்பி அவளைப் பார்த்தேன். என்ன கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தமுறை கண்ணில் பழைய உத்தரவு இல்லை.

போட்டேன். அப்பா திரைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து விரலால் காட்டினார். "பாத்தீங்களா ஐயா, கையுறை! பாட்டில்ல சாயம்! நான் சொல்லல?" திரையில் என் கை நைட்டியின் பின்கழுத்தை இறக்கியது. அப்பாவின் கண் சாயத்தின் மேலேயே இருந்தது. பின்னால் நின்ற நான்கு பேரும் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்தார். நிம்மதியில் தொடையில் தட்டிக்கொண்டுகூடச் சிரித்தார். பதினொரு விநாடி ஓடியது. யாரும் ஒன்றும் சொல்லாததால்தான் அவர் திரும்பிப் பார்த்தார். போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கமிட்டியாரில் ஒருவர் அப்பாவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கை தானாகப் பெல்ட் பக்கிளை மூடியது.

முனவ்வர் பேகம்தான் முதலில் வாயைத் திறந்தார். வாயில் வந்ததை எழுத முடியாது. அப்பா எழுந்து, "குடும்ப விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"நீ பேசாதே" என்றார் போதகர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அம்மா அதற்குள் பீரோவிலிருந்து இரண்டு பையை எடுத்து வெளியே வைத்திருந்தாள். எப்போது கட்டினாள் என்று எனக்குத் தெரியாது.

அன்றே மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். போதகர் கூட வந்தார். இப்போது நாங்கள் முனவ்வர் பேகம் வீட்டு மாடியில் இருக்கிறோம். கழுத்துச் சாயம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார இன்னும் பழகவில்லை.

படத்தைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கரண்ட் போவது, குழாய் சொட்டுவது எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். அம்மா கேட்டுக்கொண்டதால் அந்தப் பதினொரு விநாடியைத் திரும்பச் சேர்த்திருந்தேன். அவள் தோளைக் குறுக்கும் இடத்தில் அலறல் சத்தமும் சேர்க்கவில்லை. "காலேஜ்ல எல்லாரும் பாப்பாங்கம்மா, யோசிச்சிக்கோ" என்றேன். "பாக்கட்டும். இத்தினி வருஷம் யாரும் பாக்காததுதான் தப்பு" என்றாள்.

கடைசியில் பெயர்கள் ஓடின. அம்மா நிறுத்தச் சொன்னாள்.

"வேல செஞ்சவங்க எல்லார் பேரும் போடணும்னு சொன்னியே?"

"ஆமா. போட்டிருக்கேனே."

"ஒப்பனைல உன் பேரு மட்டும்தான் இருக்கு. அது கழுத்துக்கு. முதுகுக்குப் போடல?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் தட்டினேன்.

ஒப்பனை: கழுத்து – ஃபீபி. முதுகு – கிறிஸ்துராஜ்.