ஒரு மரவாழையும் மட்டாஞ்சேரிக் கொசுவும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் பழைய ஆபீஸ்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. ஏதோ மலைப் பூங்காவில் பாசி படர்ந்த மரக்கிளை. அதில் வெள்ளையாக நாலைந்து காட்டு ஆர்கிட் பூக்கள். அனுப்பியவள் ஜெயந்தி. கீழே எனக்கென்று ஒரு வரி: "நம்ம பூ மாதிரியே இருக்கில்ல டீ?" சாயா ஆறி ஏடு படிந்ததுதான் மிச்சம். நம்ம பூவாம்!

நானும் ஜெயந்தியும் கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில், ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் ஏலக்காய் தரம் பிரித்தவர்கள். இரண்டு பேர் வீட்டிலும் தமிழ், அதனாலேயே ஒட்டிக்கொண்டோம். அந்தக் கிடங்கு இப்போது பழம்பொருள் கடை. வாசலில் நின்றால் இன்றும் சுக்கு நெடி வருகிறது என்பேன். "அது வார்னிஷ் அம்மா" என்பாள் என் மகள். நாள் முழுக்க நல்ல பச்சை, வெளுத்த பச்சை என்று பிரித்துப் பிரித்து, வீட்டில் கறிவேப்பிலையைக்கூடத் தரம் பார்க்கிற அளவுக்குக் கண் பழகிவிட்டது.

அந்தக் கண்தான் ஆபீஸ் சுற்றுலாவில் உதவியது. மழைக்காலம், மலையில் கால் வைத்த இடமெல்லாம் அட்டை. மற்றவர்கள் உப்புப் பொட்டலத்தோடு முன்னால் ஓட, நான் சேற்றில் செருப்பைப் பறிகொடுத்து நின்றேன். துணைக்கு ஜெயந்தி. செருப்பைத் தேடி நிமிர்ந்தால், ஓடைமேல் சாய்ந்த மரத்தில், பாசியின் பச்சைக்கு நடுவே வேறொரு பச்சை. சின்ன வெங்காயம் பருமனில் குமிழ்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இலை, நடுவில் மஞ்சள் தீற்றிய வெள்ளைப் பூக்கள். காட்டு ஆர்கிட்டை இங்கே மரவாழை என்பார்கள். அவ்வளவு பெரிய காட்டில் நானாகக் கண்டுபிடித்த ஒன்று! சிரிக்காதீர்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆர்ட்டயும் சொல்லண்டாம் டீ," என்றாள் ஜெயந்தி. "மேனேஜர் சார் வைஃபுக்குத் தெரிஞ்சா சட்டியில ஏத்திடுவா. வருஷா வருஷம் நாம ரெண்டு பேரும் வந்து பாத்துட்டுப் போலாம்." அந்த அம்மாளுக்குச் செடிப் பைத்தியம். எர்ணாகுளம் ஆபீஸில் ஒரு மேசை வேலை வேறு காலியாக இருந்தது. மேனேஜர் கைகாட்டுகிறவருக்குத்தான் அது; நாங்கள் இருவருமே அதற்குக் காத்திருந்தோம். ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்துச் சத்தியம் செய்தோம்.

அடுத்த வாரம் ஜெயந்தி இரண்டு நாள் வரவில்லை. "பனி புடிச்சுக் கெடந்தேனாக்கும்," என்றாள். காய்ச்சலில் கிடந்தவள் கணுக்காலை விடாமல் சொறிந்தாள். புத்தம் புதிதாக மூன்று கடி, ஒவ்வொன்றும் மூன்று கீற்றாக. கேட்டதற்கு, "கொசு டீ!" நம்பினேன். மட்டாஞ்சேரிக் கொசுவின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்பலாம்தான். ஆனால் சுற்றுலாவில் அட்டை கடித்த அதே மூன்று கீற்று என் காலிலும் ஆறிக்கொண்டிருந்ததே! என்னைப் போல ஒரு மண்டு உண்டா?

ஓணத்துக்கு மேனேஜர் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. வராந்தாவில், தேங்காய் மட்டையில் கட்டிய மரவாழை. பூ உதிர்ந்து, இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. "நம்முடெ ஜயந்தி மலையில் போயி கொண்டுதந்நதா!" என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். நான் ஜெயந்தியைப் பார்த்தேன். அவள் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவேயில்லை.

எர்ணாகுளம் வேலை அவளுக்குக் கிடைத்தது. வாழ்த்துச் சொன்னேன், பல்லைக் காட்டிச் சிரித்தேன். செடி கொச்சிச் சூட்டில் கிறிஸ்துமஸ்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு நான் மட்டும் மலையேறினேன். மரம் இருந்தது. வேரைப் பிய்த்த இடத்தில் பட்டை வெளிறிக் கிடந்தது. ஒரு குமிழையாவது விட்டு வைத்திருக்கலாம் பாவி. வேலை போனதற்கு நான் அழவில்லை. அந்த மரத்தடியில் நின்று அழுதேன்.

இத்தனை வருஷம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், எல்லோரும் பார்க்கிற குழுவிலேயே: "கொசு கடிச்ச இடம் ஆறிடுச்சா டீ?"

நீல டிக் விழுந்தது. ஆறிய சாயாவைச் சுடவைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். பூப்படம் இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது.