பனியன் வேஸ்ட் போட்ட வளையங்கள்

"ஏனுங்க அம்மணி, டப்பாமேல எழுதியிருக்கறதப் படிச்சாப் போதுமா? காரு என்ன பள்ளிக்கூடத்துப் பொஸ்தகமா?"

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டு வாசலில் வைத்து டிரைவர் பழனிசாமி அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் பெயிண்ட் கடையில் சேர்ந்து மூன்று மாதம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாவது தேறியவள் என்பதால் கவுன்ட்டரில் உட்கார வைத்திருந்தார்கள்.

பெயிண்டுக்கு மெருகேற்ற நான் விற்ற ரப்பிங் காம்பவுண்டுப் பசையை அண்ணன் தேய்த்ததில், அந்த வீட்டுக் கறுப்பு அம்பாசிடரின் பானெட் முழுக்க வளையம் வளையமாகக் கோடு விழுந்துவிட்டதாம். வீட்டுக்கார அம்மா முதல் நாள் கடைக்குப் போன் செய்து சத்தம் போட்டார். முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ வித்த டப்பாதானே? நாளைக்கு ஞாயித்துக்கெழமை. நீயே போயிச் சரிபண்ணிக் குடுத்துரு. ஆகலைன்னா திங்கக்கெழமை கடைக்கு வர வேண்டாம்."

கடை இல்லையென்றால் திருப்பூர்க் கிடங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனிக் கழிவுத் துணி, பிரிக்க வேண்டியதுதான். அதற்காகவா அம்மா என்னைப் படிக்க வைத்தார்? "சரிங்க" என்றேன்.

1. துணியைக் காட்டுங்கண்ணா

சாய்வான காலை வெளிச்சத்தில் வளையங்கள் சிலந்தி வலை போலத் தெரிந்தன. எந்தத் துணியில் தேய்த்தீர்கள் என்று கேட்டேன். பழனிசாமி அண்ணன் டிக்கியைத் திறந்து ஒரு துணிப் பந்தை எடுத்தார்.

"தெனம் ரெண்டு நேரம் இதுலதானுங்க தொடைக்கறேன். இந்த வீதில எவன் இத்தனை தொடைக்கறான், சொல்லுங்க பாக்கலாம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனியன் வேஸ்ட்! எங்கள் பக்கம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இதுதான் துடைக்கும் துணி. நான் இந்தக் குவியலில் விளையாடி வளர்ந்தவள். பிரித்துப் பார்த்தேன். கை ஓரம், கழுத்து ஓரம், எல்லாவற்றிலும் தடித்த தையல். துணி பருத்திதான், தைத்த நூல் பாலியஸ்டர். மடிப்புகளுக்குள் மண் வேறு ஒளிந்திருந்தது.

சொன்னால் நம்பமாட்டார் என்று என் பிளாஸ்டிக் டிபன் டப்பாவின் மூடியை எடுத்தேன். ஒரு பாதியில் தையலால் வட்டமாகத் தேய்த்தேன். மறு பாதியில் தையல் இல்லாத சுத்தமான துண்டால் தேய்த்தேன். முதல் பாதியில் வளையம். மறு பாதி அப்படியே இருந்தது.

"அடக் கெரகமே," என்றார் அண்ணன். "அப்ப நாந்தான் கீறிப்போட்டனா?"

2. துணி கறுத்தது

அண்ணன் வண்டியை வாசல் மரத்து நிழலுக்குக் கொண்டுவந்ததும், கழுவி ஈரத்தை ஒற்றியெடுத்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் கத்திரிக்கோல் வாங்கித் தையல்களையெல்லாம் வெட்டி எறிந்தேன். நடுத்துணியை மட்டும் அலசிக் காயவைத்தேன். டப்பாவில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் மூன்று விஷயம் இருந்தது: நிழலில் செய், நேர்க்கோட்டில் தேய், காயுமுன் துடை.

ஒரு சாண் இடத்தில் மட்டும் காம்பவுண்டைத் தடவி, முன்னும் பின்னுமாகத் தேய்த்தேன். துணி கறுத்தது. வீட்டுக்கார அம்மா ஓடிவந்தார்.

"கண்ணு! பெயிண்டே கழண்டு வருதே!"

"மேலாக்கச் செத்த பெயிண்டுதானுங்கம்மா. கீழ இருக்கறதப் பாருங்க."

துடைத்தேன். அந்த ஒரு சாண் கறுப்பில் ஒரு கோடு இல்லை. அவர் குனிந்து பார்த்தார். அவர் மூக்குத்தி வரைக்கும் அதில் தெரிந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது!

3. வெயில் வந்தது

உற்சாகத்தில் ஒரு தப்புச் செய்தேன். சாண் சாணாகச் செய்யாமல் பாதி பானெட்டுக்கு ஒரேயடியாகத் தடவிவிட்டேன். தலை நிமிர்ந்தால் மரத்து நிழல் நகர்ந்து பானெட் மேல் வெயில். காம்பவுண்டு விளிம்பில் வெளுக்க ஆரம்பித்தது. காய்ந்தால் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மறுபடி கோடு விழும். பழனிசாமி அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

"அம்மா, வண்டிய நெழலுக்குத் தள்ளோணுங்க!"

"நானு ஏறி உக்காந்துதான் பழக்கம் அம்மணி, தள்ளிப் பழக்கமில்ல," என்றவர், அதற்குள் முந்தானையைச் செருகிக்கொண்டார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரவும் ஹேண்ட் பிரேக்கை எடுக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஸ்டியரிங் பக்கம், நான் பின்னால். முதலில் அசையவில்லை. பிறகு மெல்ல உருண்டது. நிழலில் நின்றதும் பாய்ந்துபோய்த் துடைத்தேன். தப்பித்தேன்!

டீ குடித்துவிட்டு வந்த அண்ணன் வாசல் கேட் அருகிலேயே நின்றுவிட்டார். "நான் அக்கட்டால போனதும் வண்டியவே கடத்திப்போட்டீங்க. இனி நீங்களே ஓட்டியும் போடுவீங்களாட்ட இருக்குது!"

சாயங்காலம் வேக்ஸ் போட்டு முடித்தேன். அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வளையத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. தையல் வெட்டிய துணியில் நாலு துண்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா எனக்கு முன்பே போன் செய்திருந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமை அவங்க அக்கா ஊட்டு வண்டியாம். போறியா?" என்றார் முதலாளி.

அன்று நான் கற்றது இதுதான். கோடு விழுந்தால் காம்பவுண்டைக் குறை சொல்லுமுன் துணியைப் பாருங்கள். எவ்வளவு தெரிந்தாலும் ஒரு சாணுக்கு மேல் தடவாதீர்கள். இன்னொன்றும் உண்டு. நிழல் நகரும்போது டிரைவர் டீக்கடையில்தான் இருப்பார். அதனால் அந்தப் புதன்கிழமையே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். எல்.எல்.ஆர். டிபன் பையில் இருக்கிறது. நேற்று ரிவர்ஸ் எடுத்தேன்.